உப்புத் தண்ணீர் தாண்டாத எட்டு நாட்கள்

என் சட்டைப் பையில் இரண்டு வெள்ளிக் கண்கள் இருந்தன. விமான நிலையத்தில் அவற்றைச் சோதனைத் தட்டில் வைத்ததும், காவலுக்கு நின்ற பெண்மணி "இது என்ன?" என்று இந்தியில் கேட்டார். "கண்" என்றேன். "யாருடையது?" "என் மனைவியுடையது." அவர் என்னை ஒருமுறை பார்த்தார், கண்களை ஒருமுறை பார்த்தார், போகச் சொல்லிவிட்டார்.

சென்ற வருடம் என் மனைவி கோமதிக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டைப் பிரித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஃபேன்ல எவ்வளவு தூசி!" டாக்டர் சிரித்தார். நான் டாக்டருக்கு நன்றி சொன்னேன். கோமதியோ அந்தமானில் இருக்கும் மாரியம்மனுக்கு நன்றி சொன்னாள். அங்கே குத்தகை வேலை எடுத்துச் செய்யும் அவள் தம்பி சங்கரன், அறுவை நடந்த அன்று தன் ஊர் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டிருந்தான். அந்தக் கடனைத் தீர்க்காமல் இடது கண்ணில் கை வைக்கவிடமாட்டேன் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் தள்ளிப் போடாதீர்கள் என்கிறார். இவளுக்கு மூட்டு வலி, விமானப் படி ஏற முடியாது. மிச்சம் இருந்தது நான்.

எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தராசைக் கண்டால் இப்போதும் முள்ளைத்தான் பார்ப்பேன். சாமி உண்டா என்று கேட்டால், என்னிடம் முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்பேன். கோயிலுக்குப் போவேன், செருப்பைக் கழற்றுவேன், கொடுத்த விபூதியைக் கீழே சிந்தாமல் பூசிக்கொள்வேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கோமதி மட்டும் வாசலில் நின்று கேட்டாள். "மனசாரப் போடணும். சும்மா தட்டுல போட்டுட்டு வந்திராதீய." மனசார என்பதற்கு என்ன அளவு? தென்காசியிலிருந்து அந்தமான் வரை அதே கவலை. கூடவே, விமானத்தில் என் வரிசையில் ஒரு ஜன்னலின் மூடி மேலே போகவில்லை என்ற கவலையும்.

போர்ட் பிளேருக்குப் பெயர் மாறிவிட்டது. பலகையில் புதுப் பெயர், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர். சங்கரன் வீடு டாலிகஞ்சில். தெருவில் பதினொரு கடைகள். ஒரு கடையில் வங்காளம், ஒன்றில் தெலுங்கு, ஒன்றில் மலையாளம், பேரம் மட்டும் எல்லாக் கடையிலும் இந்தி. நான் மூன்று கடைத் தராசுகளைத் தள்ளி நின்று பார்த்தேன். மூன்றும் சரியாக இருந்தன. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இங்கே சூரியன் பெரிய அவசரக்காரன். நம் ஊரில் பால்காரர் வரும் நேரத்துக்கு இங்கே வெயில் முதுகைச் சுடுகிறது. சாயங்காலக் காப்பியைக் குடித்துக் கீழே வைப்பதற்குள் இருட்டிவிடுகிறது. கடிகாரம் மட்டும் நம் ஊர்க் கடிகாரம். ஒரு தேசத்துக்கு ஒரே நேரம் என்று வைத்தவர்கள் இந்தப் பக்கம் வந்து காப்பி குடித்துப் பார்க்கவில்லை போலும்.

சங்கரன் மனைவி செல்வி அன்று சுர்மை மீன் வறுத்திருந்தாள். நம் ஊரில் வஞ்சிரம் என்பதற்கு இந்தத் தீவில் அந்தப் பெயர். நாலு துண்டு சாப்பிட்டேன். "அண்ணாச்சி, இது சும்மா ஆரம்பம். நாளைக்குக் கொடுவா, அடுத்த நாள் பாறை, அப்புறம் நண்டு" என்றாள். நான் விரல்விட்டு எண்ணி வைத்துக்கொண்டேன். புதன்கிழமை சுவராஜ் தீவுக்குக் கப்பலில் போவதாகவும் ஏற்பாடு. எழுபத்திரண்டு வயதில் முதன்முதலாகத் தீவிலிருந்து தீவுக்குப் போகப் போகிறேன்.

எல்லாம் செவ்வாய்க்கிழமை காலையோடு போயிற்று.

கோயில் சிப்பிகாட் பக்கம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே. பூசாரி பெயர் மாரிமுத்து. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த குடும்பம். இவர் பிறந்தது கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். பூசை நேரம் போக மற்ற நேரம் ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலை. அன்று பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேற்றம். நல்ல கூட்டம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சங்கரன் முன்னால் நின்றான், நான் பின்னால். பூசாரி மஞ்சள் கயிறுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு வந்தார்.

நம் பக்கத்துக் கோயில்களில் போனவர் வந்தவர் எல்லாருக்கும் கயிறு கட்டுகிறார்கள். இரண்டு நாளில் குளிக்கும்போது அது தானாக விழுந்துவிடும். தட்டில் இருந்த கயிறுகளை எண்ணினேன், ஒன்பது. நிற்பவர்கள் அதற்கு மேல். தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் சங்கரனின் தோளுக்கு மேலாக என் கையை நீட்டினேன்.

"கண்மலர் கொண்டாந்த ஐயா இவுகதானா?" என்றார் மாரிமுத்து. ஆமாம் என்றேன். கட்டிவிட்டார். உடுக்கை சத்தத்தில் சங்கரன் ஏதோ கத்தினான். எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது காரில் கேட்டேன். "இதை எப்ப கழட்டலாம்?"

சங்கரன் காரை ஓரமாக நிறுத்தினான். "அத்தான், என்ன காரியம் பண்ணுனீய! அது காப்பு. நேர்த்திக்கடன் போடுத ஆளு கட்டிக்கிடணும். அடுத்த செவ்வாய் வரைக்கும் விரதம். உங்களுக்குச் சரிப்படாதுன்னுதான் அக்காவுக்காக நானே கட்டிக்கிடலாம்னு முன்னால நின்னேன். நீங்க கைய நீட்டிட்டீய."

"உனக்கு மாத்திக் கட்ட முடியாதா?"

"ஒரு கடனுக்கு ஒரு கைதான். கட்டுனது கட்டுனதுதான்."

"விரதம்னா என்னென்ன?"

"மீனு, கறி, முட்டை கூடாது. சாவு வீட்டுத் துட்டிக்குப் போகக் கூடாது. எல்லை தாண்டக் கூடாது."

"எல்லைன்னா சிப்பிகாட்டா?"

"அப்பிடி வச்சா எல்லாரும் டூட்டிக்கு எப்பிடிப் போறது? இங்க எல்லைன்னா உப்புத் தண்ணி. கடலைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்."

கப்பல், நண்டு, கொடுவா, பாறை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. செல்வி அன்றைக்கென்று வாங்கி வைத்திருந்த மீனை எடுத்துப் பக்கத்து வங்காளி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மத்தியானம் அவர்கள் கடுகு அரைத்து வைத்த குழம்பின் வாசனை எங்கள் ஜன்னல் வழியாகவே வந்தது. நான் தயிர்ச்சாதமும் ஆறு அப்பளமும் சாப்பிட்டேன்.

கோமதியிடம் போனில் சொன்னேன். "நீங்களேவா கட்டிக்கிட்டீய?" என்றாள். குரல் உடைந்திருந்தது. கை தவறி நீட்டிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "பத்திரமா முடிச்சிட்டு வாங்க. நடுவுல ஒரு குறை வந்தா என்னால தாங்க முடியாது. அப்புறம் இந்தக் கண்ணு இப்பிடியே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

"அக்காவுக்குத் தெரியவா போகுது? கத்தரிச்சுப் போட்டுட்டுக் கப்பல் ஏறுங்க அத்தான்" என்று சங்கரன் கண்ணடித்தான். எனக்குக் கோபம் வந்தது. பணியில் இருந்த காலம் முழுக்க அடுத்தவன் படிக்கல்லைப் புரட்டிப் பார்த்தவன் நான். மனைவியின் படிக்கல்லைக் குடைவேனா?

புதன்கிழமை, என்னை ஏற்றாமல் கப்பல் போய்விட்டது. வியாழக்கிழமை மறுபடி கோயிலுக்குப் போய் மாரிமுத்துவிடம் எல்லையின் விவரங்களைக் கேட்டேன். விதி என்றால் எனக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

"பாலம் தாண்டலாமா?"

"தாண்டலாங்க. பாலம் தரை."

"கரையில் கட்டிப்போட்ட கப்பலில் ஏறலாமா?"

"ஏறலாங்க. நானே காப்போடதான் துறையில கப்பல்ல ஏறி எறங்குறேன். கயிறு கெடக்குற மட்டும் கப்பலும் தரைதான்."

"விமானம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது கடலுக்கு மேலதானே போகுது? வேணாங்க."

"இப்படி ஒரு எல்லையை யார் வைத்தது?"

"எங்கப்பா காலத்து ஆளுங்க. அவுங்க பாட்டன் சிலோனுக்குக் கடல் தாண்டுனாரு. இவுங்க திரும்பி மண்டபம் கேம்புக்குத் தாண்டுனாங்க. அப்புறம் கச்சாலுக்குத் தாண்டுனாங்க. மூணு தடவ ஆச்சு, வருசத்துல எட்டு நாளாவது தாண்டாம இருப்போமேன்னு வச்சாங்களாம்."

"கச்சாலிலிருந்து இங்கே வந்தது நாலாவது தடவை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அட, ஆமாங்கய்யா. அத யாரும் எண்ணலீங்க."

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஒழுங்காக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை புத்தி தடுமாறியது.

என்னிடம் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஒன்று உண்டு. அதன் பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கடலும் இருக்கும். அந்தக் காட்சி, துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மலையிலிருந்து தெரிவதாம். நோட்டைப் பிடித்துக்கொண்டு நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்தே ஆசை. சாத்தம் துறையிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்கு வண்டிகளும் ஆட்களும் ஏறும் படகு போகிறது. அங்கிருந்து மலைக்கு ஆட்டோ கிடைக்கும். படகில் போனால் ஒரு வாழைப்பழம் தின்னும் நேரம்தான். சாலை வழியாகச் சுற்றினால் அரை நாள்.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். அந்த வெயிலில் ஏன் முழுக்கை என்று செல்வி கேட்டாள். கொசு என்றேன். பகலில் ஏது கொசு என்று அவள் கேட்கவில்லை. தங்கமான பெண்.

சாத்தமும் ஒரு தீவுதான். ஆனால் பாலம் உண்டு, பாலம் தரை. துறையில் படகு கட்டியிருந்தது, கட்டிய படகும் தரை. ஏறினேன். ஏழு கார்கள், ஒரு தண்ணீர் லாரி, இருசக்கர வண்டிகள் பத்தொன்பது. உயிர்காக்கும் மிதவைகளை எண்ணிக்கொண்டே பின்பக்கம் போய் நின்றேன். முன்கயிற்றை அவிழ்த்தார்கள். இயந்திரம் உறுமியது. இறங்கிவிடு என்று ஒரு மனம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று இன்னொரு மனம். பார்க்க அம்மன் ஒருத்தி இருக்கிறாள் என்று நான் உறுதியாக நம்பியிருந்தால் ஏறியிருக்கவே மாட்டேனே. அவள் இல்லை என்று உறுதியாக நம்பியிருந்தால் முழுக்கைச் சட்டை எதற்கு?

படகு லேசாக ஆடியது. கம்பியைப் பிடித்தேன். சட்டைக் கை முழங்கைப் பக்கம் நழுவியது.

பின்கயிற்றுப் பக்கம் நின்ற படகுக்காரர், நரைத்த தாடி, காக்கிச் சட்டை, என் மணிக்கட்டையே பார்த்தார். "அரே சாச்சா!" என்று கூவினார். பிறகு என்னைவிட நல்ல தமிழில், "மாரியம்மன் காப்பு தானே அது? நீங்க தாண்டக் கூடாதே! எறங்குங்க, எறங்குங்க!" இயந்திர அறையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். உறுமல் அடங்கியது. ஏழு கார்களின் ஜன்னல்களிலும் தலைகள் நீண்டன. ஒருவர் பொறுமை இழந்து இந்தியில் என்ன தாமதம் என்று கேட்க, இன்னொருவர், "தமிழர் ஒருவர் விரதக் கயிறோடு ஏறிவிட்டார், இருங்கள், இறங்கட்டும்" என்று பதில் சொன்னார். கேட்டவர், "அச்சா, அச்சா, மெதுவாக இறங்குங்கள்" என்றார்.

படகுக்கும் கரைக்கும் நடுவே ஒன்றரைச் சாண் தண்ணீர் தெரிந்தது. உப்புத் தண்ணீர். இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கி என்னைக் கரையில் வைத்தார்கள். படகு போய்விட்டது. தண்ணீர் லாரி ஓட்டுநர் எனக்கு டாட்டா காட்டினார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போக மனமில்லை. பேருந்து நிலையத்துக்குப் போய், சுற்றுவழியில் பாம்பூஃப்ளாட் போகும் பேருந்தில் ஏறினேன். தாண்டாமலே போய்க் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. முப்பத்தாறு இருக்கை, ஐம்பத்துமூன்று பேர், இரண்டு கோழிகள். விம்பர்லிகஞ்ச் தாண்டியதும் டயர் இறங்கியது. பயணிகள் எல்லாரும் இறங்கி ஆளுக்கு ஒரு மொழியில் யோசனை சொன்னார்கள். ஓட்டுநர் எதையும் கேட்காமல் மாற்றிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது இந்த ஊர்ச் சூரியன் கிளம்ப ஆயத்தமாகிவிட்டான். மலை மேலே இருட்டாகக் கிடந்தது. நோட்டை வெளியே எடுக்கவே இல்லை.

துறைக்கு எதிரே டீக்கடை. எதிர்க்கரையில் நான் காலையில் நின்ற அதே சாத்தம். அதே படகு வந்து நின்றது. அதே தாடிக்காரர் இறங்கினார். என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"எப்படி வந்தீங்க சாச்சா? நீந்தியா?"

"பேருந்தில்."

"யா அல்லா! பகல் பூராவுமா?"

பெயர் ஹம்ஸா. பாம்பூஃப்ளாட்டில் பிறந்தவர், மலபார் மாப்பிளா முஸ்லிம் குடும்பம். டீ வாங்கிக் கொடுத்தேன், கடித்துக்கொள்ள உள்ளிவடை அவர் வாங்கிக் கொடுத்தார்.

"உங்களுக்கு எங்க அம்மன் விதியெல்லாம் எப்படித் தெரியும்?" என்றேன். 'எங்க அம்மன்' என்று சொன்னதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

"வருஷா வருஷம் ரெண்டு பேராவது மறந்து ஏறிடுவாங்க. நாங்கதானே எறக்கி விடணும்?"

"உங்களுக்கு அதில் நம்பிக்கை கிடையாதே?"

"இல்லை. அதுக்கென்ன?" வடையைப் பிட்டார். "நோம்பு மாசம் மாரிமுத்துவும் நானும் ஒரே ஷிஃப்ட்டா வந்தா அவன் என் முன்னாடி சாயா குடிக்க மாட்டான். கப்பலுக்கு அந்தப் பக்கம் போய்க் குடிப்பான். எனக்கு வாசனை வரும்தான். நான் சொல்ல மாட்டேன்."

கடைசிப் பேருந்தில் அதே சுற்றுவழியில் வீடு திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை. பொங்கல் பானைகள் முப்பத்தொன்று. புகையில் எல்லார் கண்ணிலும் நீர். கண்மலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றரைச் சாண் தண்ணீர் நெஞ்சில் அடைத்தது. குறையை மறைத்துக் கடனைத் தீர்த்தால் அது கோமதி கேட்ட கடன் ஆகாது. மாரிமுத்துவைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டேன். சாத்தம், படகு, அவிழ்ந்த முன்கயிறு, எல்லாம்.

அவர் தனியே வைத்துக்கொள்ளவில்லை. கோயில் ஆட்களைக் கூப்பிட்டார். ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். சங்கரன் தலையில் கை வைத்துக்கொண்டு பானை ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

"முன்கயிறு அவுத்தாச்சுன்னா கப்பல் கெளம்பிட்டுன்னுதானே கணக்கு?" என்றார் ஒருவர்.

"நடுவுல தண்ணி தெரிஞ்சிருக்கே!" என்றார் இன்னொருவர்.

"தண்ணி எப்பவும்தாண்டா தெரியும், கடலு!" என்றார் மாரிமுத்து. "பின்கயிறு கரைக் குத்தியில கெடந்துச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க. அது கெடக்குற மட்டும் கப்பல் கரையிலதான். துறையில கேட்டுப் பாரு."

எனக்குத் தெரியாது என்றேன். எத்தனையோ எண்ணினேன், அதைப் பார்க்கவில்லை. கோமதியின் இடது கண் ஒரு கயிற்றில் தொங்கியது. மாரிமுத்து செல்பேசியை எடுத்தார். ஒலியைக் கூட்டி நடுவில் பிடித்தார். உடுக்கைக்காரர் வாசிப்பதை நிறுத்தினார்.

"ஹம்ஸா பாய், ஞாயித்துக்கிழம எங்க ஐயா ஒருத்தர எறக்கி விட்டியே, அப்ப பின்கயிறு எடுத்துட்டியா?"

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம். பிறகு இரைச்சலோடு இரைச்சலாகப் பதில் வந்தது. எனக்குப் பிடிபடாததை மாரிமுத்து திருப்பிச் சொன்னார். "எடுக்கப் போனாராம். கம்பியில மஞ்சக்கயித்துக் கை ஒண்ணு தெரிஞ்சதாம். அப்படியே உட்டுட்டாராம். நீங்க கரையில காலு வச்ச பெறகுதான் எடுத்தாராம்."

"அப்ப தாண்டல" என்றார் முதலில் கேட்டவர். "தாண்டல, தாண்டல" என்றார்கள் மற்றவர்கள். உடுக்கை மறுபடி ஆரம்பித்தது.

நான் நகரவில்லை. "இன்னொன்றும் இருக்கிறது" என்றேன். "எனக்கு இதிலெல்லாம் உறுதியான நம்பிக்கை உண்டா என்று எனக்கே தெரியாது."

மாரிமுத்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு வெயிலைப் பார்த்தார். "அது கயித்து விசயம் இல்லீங்களேய்யா. அதுக்கு எங்கப்பா காலத்துல ரூல் ஒண்ணும் வைக்கல. வாங்க, நேரமாவுது. ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி."

வெள்ளிக் கண்களை அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றி, திரும்ப என்னிடமே கொடுத்து, அம்மன் காலடியில் நானே வைக்கச் சொன்னார். அந்தக் கருங்கல் முகத்தைப் பார்த்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஃபேன் தூசிதான் ஞாபகம் வந்தது. இடது கண்ணுக்கும் அவள் ஏதாவது ஒரு தூசியைக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வைத்தேன். காப்பை அவிழ்த்தார்கள். செல்வி சங்கரனிடம் மெல்ல, "நாளைக்கு நண்டு" என்றது என் காதில் விழுந்தது.

தோப்பு ஓரம் வந்து கோமதியைக் கூப்பிட்டேன். இரண்டு முறை தொடர்பு அறுந்து மூன்றாவது முறை கிடைத்தது.

"போட்டீயளா?"

"போட்டேன்."

"மனசாரப் போட்டீயளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

"கோமதி, முன்கயிறு அவுந்துதான் கெடந்துச்சு. பின்கயிறு கட்டியிருந்துச்சு."

"என்னத்தையோ சொல்லுதீய. வெயில்ல நின்னீயளா?"

"நின்னேன்."

"சரி, டாக்டர்ட்ட நாள் கேளுங்க. அந்தக் கண்ணும் தொறக்கட்டும். உங்க மூஞ்சிய முழுசாப் பாத்து, என்ன சொன்னீயன்னு அப்ப கேட்டுக்கிடுதேன்."